மாடியில்லாத வீட்டில் நாற்பது மாடி

போன வாரம் அந்த வீட்டில் போன் வைக்கப்பட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறதா? "சனிக்கிழமை சாயந்திரத்துக்குள்ள வாட்ச் துடிப்பை ஒழுங்கா காட்டணும். இல்லைன்னா ஞாயித்துக்கிழமை நீ ஓடக்கூடாது" என்றான் மகன். "சரிடா. வாக்குன்னா வாக்கு" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டாள் அம்மா. சொன்ன கையோடு சமையலறைக்குப் போய் அவள் பாத்திரம் கழுவிய வேகத்தில் பாதித் தெருவுக்கு விஷயம் தெரிந்துபோயிற்று. மீதிப் பாதிக்கு எதிர்வீட்டு டீச்சர் சொன்னார்.

சனிக்கிழமை வந்துவிட்டது. வெயில் இன்னும் ஜன்னல் கம்பியைத் தாண்டவில்லை. அதற்குள் மருமகள் தன் டூல் பாக்ஸைத் தூக்கிவந்து சாப்பாட்டு மேஜை மேல் வைத்துவிட்டாள்.

மருமகளுக்கு வேலை லிப்ட் பழுது பார்ப்பது. கல்யாணமான புதிதில், "பொண்ணு என்ன வேலை பார்க்குது?" என்று கேட்டவர்களிடம் மாமியார், "மேல போயிட்டுக் கீழ வர்ற வேலை" என்று மென்று விழுங்கியது உண்டு. அதெல்லாம் அந்தக் காலம். இப்போது தெருவில் யார் வீட்டு மிக்ஸி மக்கர் செய்தாலும், "என் மருமக வந்து பார்ப்பா, மூடி வைங்க" என்று அவளே வாக்குக் கொடுத்துவிட்டு வருகிறாள். மருமகளைக் கேட்பதெல்லாம் கிடையாது.

அந்த மாமியாருக்குத் தெரு வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். வாழ்நாளெல்லாம் தபால் ஆபீஸ் கவுண்ட்டரில் உட்கார்ந்தே வேலை பார்த்தவள். ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். பஸ்ஸும் நின்றது. ஆனால் இவள் நிற்கவில்லை. அடுத்த ஸ்டாப் வரைக்கும் ஓடிப் போய், அங்கே நின்று அதே பஸ்ஸுக்குக் கை காட்டினாள். கண்டக்டர் டிக்கெட் கொடுக்கும்போது அவளை ஏற இறங்கப் பார்த்தாராம். அன்றிலிருந்து ஓட்டம்தான்.

நாளைக்கு ஊரே சேர்ந்து ஓடும் பத்து கிலோமீட்டர் ஓட்டம். நெஞ்சில் குத்திக்கொள்ளும் நம்பர் அட்டை பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து நிற்கிறது. போகும்போதும் வரும்போதும் அதை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைப்பு.

இதில் குறுக்கே வந்து நின்றது வாட்ச்.

வாட்சை வாங்கிக் கொடுத்தது மகன். தூரத்து ஊரில் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. நெருப்பு, வெள்ளம், விபத்து என்று நாள் முழுக்க அதையே படிக்கிறவனுக்கு, அம்மா ஓடுகிறாள் என்றதும் தூக்கம் போய்விட்டது. கையில் கட்டினால் இதயத் துடிப்பைச் சொல்லும் விளையாட்டு வாட்ச் ஒன்றை வாங்கி, அது சொல்வதெல்லாம் தன் போனுக்கும் வருவதுபோல் செய்து வைத்தான். துடிப்பு எல்லை மீறினால் அவன் போனில் மணி அடிக்கும்.

முதல் இரண்டு மாதம் வாட்ச் நல்ல பிள்ளையாக இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன் அதற்கு என்ன பேய் பிடித்ததோ! அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும்போது துடிப்பு நூற்று எழுபது என்றது. ஓடி முடித்து மூச்சு வாங்கும்போது ஐம்பது என்றது. அவள் பகல் தூக்கம் போட்ட ஒரு மதியம், நாற்பது மாடி ஏறியதாகக் கணக்குக் காட்டிப் பாராட்டுச் செய்தி வேறு அனுப்பியது. அந்த வீட்டில் மாடியே கிடையாது.

டாக்டரிடம் போனார்கள். நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்துவிட்டு, "உங்க இதயம் உங்க வயசுக்குப் பத்து வயசு சின்னது. தாராளமா ஓடுங்க" என்றார். மகன் நம்பவில்லை. டாக்டர் ஒரு தடவை பார்த்தாராம், வாட்ச் எந்நேரமும் பார்க்கிறதாம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

"அத்தை, வாங்க. இங்க உட்காருங்க" என்றாள் மருமகள்.

எக்ஸ்பிரஸ் வந்து உட்கார்ந்தாள். ஓட்டக் காலணியைக் காலை எழுந்ததுமே மாட்டிக்கொண்டாயிற்று. "சாயந்திரம் வரைக்கும் இருக்கு இல்ல?"

"இருக்கு."

"சரியாகலைன்னா?"

"சரியாகும்."

"சரியாகலைன்னா நான் ஓடமாட்டேன். வாக்குக் கொடுத்துட்டேன். அவன் அங்க சோறு தண்ணி இல்லாம போனையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பான். நான் இங்க ஓடினா என்ன, ஓடாட்டி என்ன?" சொல்லிக்கொண்டே கண் பிரிட்ஜ் பக்கம் போயிற்று.

மருமகள் அதைக் கவனித்தாள். வாட்சைக் கழற்றி வாங்கிக்கொண்டாள்.

லிப்ட் வேலையில் அவளுக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். எதையும் கழற்றும் முன், பழுது வருவதற்குச் சற்று முன்னால் என்ன மாறியது என்று கேட்க வேண்டும். வாட்ச்மேனிலிருந்து செகரட்டரி வரை எல்லாரும், "ஒண்ணுமே மாத்தலைங்க" என்பார்கள். அதில் ஒருவர் பொய் சொல்வார். எவர் முதலில் சொல்கிறாரோ அவர்தான் என்பது அவள் அனுபவம்.

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடி இதுல என்ன மாத்தினீங்க?"

"ஒண்ணுமே மாத்தலையேம்மா" என்று கடைப்பக்கத்திலிருந்து குரல் வந்தது.

கேட்டது மாமியாரை. பதில் சொன்னது மாமனார்.

வீட்டின் முன்னறைதான் அவர் கடை. கார் சீட், பைக் சீட் எல்லாவற்றுக்கும் உறை தைப்பார். கார்க் கதவு விளிம்பில் கீறல் விழாமலிருக்கக் கண்ணாடி போன்ற பிலிம் ஒட்டுவார். கவர் மாஸ்டர் என்றால் ஐந்து தெருவுக்குத் தெரியும். தொழில் வாசலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனிதர் அதை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார். டிவி ரிமோட்டுக்கு உறை. ரிமோட்டின் உறைக்கு ஒரு உறை. காலிங் பெல் பித்தானுக்கு மேல் பிலிம். சோபா வாங்கிய நாள் போட்ட பிளாஸ்டிக் இன்னும் அப்படியே இருக்க, அதன் மேல் துணி. மருமகள் வந்த முதல் வாரமே அவளுடைய டூல் பாக்ஸுக்கு ஜிப் வைத்த உறை வந்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறோம். மாஸ்டர் பூசணிக்காய்க்கு அளவெடுத்து உறையே தைத்துவிடுவார். உடம்பையும் விட்டுவைக்கவில்லை. எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான், மணிக்கட்டுப் பித்தான் வரைக்கும் போட்டபடி.

"மாமா, நான் அத்தையைக் கேட்டேன்."

"அதான், அவ சார்பா சொன்னேன்" என்றார். தையல் மிஷின் அவசர அவசரமாக ஓட ஆரம்பித்தது.

சரி என்று மருமகள் வேலையில் இறங்கினாள். வாட்சை அணைத்துப் போட்டாள். போனில் புதிதாக ஏதாவது ஏற்ற வேண்டுமா என்று பார்த்தாள். பேட்டரி பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. கையில் கட்டினால் பழையபடி தாளம் போட்டது.

"கையில என்ன தடவியிருக்கீங்க?"

"முழங்கை வலிக்குத் தைலம்."

"மணிக்கட்டுல ஏன் பளபளன்னு இருக்கு?"

"தடவின கையை எங்க துடைக்கிறது?"

சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னாள். பட்டையைத் தளர்த்தி, மணிக்கட்டு எலும்புக்குக் கொஞ்சம் மேலே ஏற்றி, ஆடாமல் கட்டினாள். எழுபத்திரண்டு, எழுபத்து மூன்று, எழுபத்திரண்டு. எக்ஸ்பிரஸ் மூச்சைக்கூட மெதுவாக விட்டாள், வாட்ச் பயந்துவிடப் போகிறது என்பதுபோல்.

"வாங்க, ஒரு ரவுண்டு ஓடிப் பார்த்துடலாம்."

மாமியார் ஓட, மருமகள் பக்கத்தில் சைக்கிளில் போனாள். எதிர்வீட்டு டீச்சர் அந்நேரம் பார்த்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தார். அந்தச் செடி அழுகாமல் இருப்பது பெரிய அதிசயம். தெருவில் யார் கதவு திறந்தாலும் அதற்குத் தண்ணீர் கிடைக்கிறது.

"வாட்ச் என்ன சொல்லுது?" என்று கேட்டார்.

"உங்களைக் கேட்டதா சொல்லச் சொல்லுச்சு!" என்று ஓட்டத்திலேயே பதில் கொடுத்துவிட்டுப் போனாள் எக்ஸ்பிரஸ்.

சலவைக்கடை முக்கில் வியர்வை அரும்பியது. அங்கேயே வாட்சுக்குப் பேய் திரும்பி வந்தது. நூற்று அறுபத்தெட்டு. மருமகள் மாமியாரை நிறுத்தி, கழுத்தில் இரண்டு விரல் வைத்து, சலவைக்கடைக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். நூற்று இருபத்தாறு.

"பயப்பட ஒண்ணுமில்லை அத்தை. உங்க இதயம் ஒழுங்கா இருக்கு. இதுதான் பொய் சொல்லுது."

"அதை அவன்கிட்டச் சொல்லு. எங்கிட்டச் சொல்லி என்ன?"

"இன்னொரு தடவை ஓடுங்க. இந்தத் தடவை உங்க காலைப் பார்க்கணும்."

மாமியார் ஓட, மருமகள் அவள் காலடிகளை எண்ணினாள். எண்ணி முடித்ததும் சைக்கிளில் கால் ஊன்றிச் சிரித்துவிட்டாள். நிமிடத்துக்கு எத்தனை அடியோ, வாட்ச் சொன்ன எண்ணும் கிட்டத்தட்ட அதே.

"இது உங்க இதயத்தை எண்ணலை அத்தை, காலை எண்ணுது! அடியில ஒரு பச்சை லைட் எரியுது பாருங்க. அது தோலுக்குள்ள போய் ரத்த ஓட்டத்தைப் பார்த்துட்டு வரணும். பார்க்க முடியலைன்னா, கை ஆடுற ஆட்டத்தையே துடிப்புன்னு நினைச்சுச் சொல்லிடும்."

"அடப்பாவி. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லக்கூடாதா?"

"அதைத் தயாரிச்சவங்க அப்படிச் செய்யலை."

"உங்க மாமாதான் தயாரிச்சிருப்பாரு."

வீட்டுக்கு வந்ததும் மருமகள் வியர்வை ஈரம் காயாத வாட்சைத் தன் கையிலேயே கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நாற்பத்து நான்கு. நூற்று முப்பத்தொன்று. அறுபது. நூற்று ஐம்பது. பழுது ஆளிடம் இல்லை, வாட்சிடம்தான் என்பது உறுதியாயிற்று.

உடனே போன். திரையில் மகனின் முகம், நெற்றி மட்டும் தெரிகிற மாதிரி. "அம்மா எங்க? நூத்தி அம்பது காட்டுது! படுக்க வை, தண்ணி குடு, ஜன்னலைத் திற!"

"அம்மா பின்னாடி துணி காயப்போடுறாங்க. வாட்ச் என் கையில இருக்கு."

"உனக்கு நூத்தி அம்பதா? நீ படு!"

"சார், வாட்ச் பழுது. நான் பார்த்துக்கிட்டு இருக்கேன். மணி அடிக்கும்போதெல்லாம் போன் பண்ணினா நான் எப்பப் பார்க்கிறது?"

"இல்ல, பயமா இருக்கு" என்றான். இப்போது நெற்றியோடு கண்ணும் தெரிந்தது. "அவங்க ஓடுறது எனக்குப் பிடிக்காம இல்லை. எனக்குத் தெரியாத ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு, அந்த நம்பரை மட்டும்தான் பார்க்க முடியுது."

மருமகளுக்கு அதற்குமேல் அவனைக் கிண்டல் செய்ய மனம் வரவில்லை. "சாயந்திரம் கூப்பிடுறேன்" என்று வைத்தாள்.

மதியம் வீடு அடங்கியதும் வாட்சைக் கவிழ்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அடிக்கண்ணாடி பளிங்குபோல் இருந்தது. கீறல் இல்லை, அழுக்கு இல்லை. இரண்டு மாதத்துக்கு மேல் ஒரு ஓட்டக்காரி கையில் கிடந்த வாட்ச் இவ்வளவு புதிதாக இருக்கலாமா? இந்த எண்ணம் வந்ததும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

வாட்சைச் சாய்த்தாள். பச்சை விளக்குக்குப் பக்கத்தில், கண்ணாடிக்கு உள்ளே மாதிரியும் வெளியே மாதிரியும், கடுகைவிடச் சின்னதாக ஒரு நீர்க்குமிழி. ஓரத்தில், காற்றழுத்தத்தை வைத்து உயரம் பார்க்கிற ஊசித்துளை. அதன் மேலும் ஏதோ மினுமினுத்தது. காற்று புகாமல் அடைபட்ட துளையை மணிக்கட்டுச் சதை அழுத்தும்போதெல்லாம் வாட்ச் மாடி ஏறி இறங்கியிருக்கிறது.

நகத்தால் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். நகம் இடறவே இல்லை. அவ்வளவு சுத்தமான வெட்டு. சார்ஜர் படுகிற இடத்தில் மட்டும் பொடி ஜன்னல் ஒன்று, நான்கு மூலையும் உருட்டி.

அந்த உருட்டின மூலை! ரிமோட்டில் அதே மூலை. காலிங் பெல்லில் அதே மூலை. அவளுடைய ஆபீஸ் அடையாள அட்டையில் அதே மூலை. அப்படி ஒரு மூலை வெட்ட அந்த ஊரில் ஒரே ஒரு கைதான் உண்டு.

கடைக்குப் போனாள். மாஸ்டர் ஒரு பைக் சீட்டின் மேல் குனிந்திருந்தார். வாட்சை அவர் முன்னால் கவிழ்த்து வைத்தாள்.

அவர் வாட்சைப் பார்த்தார். நூலைப் பார்த்தார். கத்தரிக்கோலை எடுத்துத் திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

"தெரிஞ்சுதா?"

"தெரியவே இல்லை மாமா. அதுதான் பிரச்சினை. கொஞ்சம் மட்டமா ஒட்டியிருந்தீங்கன்னா முதல் நாளே கண்டுபிடிச்சிருப்பேன்."

திட்டுக்கு நடுவே தொழிலுக்குக் கிடைத்த பாராட்டை மனிதர் தவறவிடவில்லை. மீசைக்குள் ஒரு சின்னச் சிரிப்பு வந்துபோயிற்று.

"வந்த நாளே மெல்லிசா ஒரு பிலிம் போட்டேன். அதுல ஒண்ணும் ஆகலை பாரு. ரெண்டு வாரத்துக்கு முன்னாடிதான், பத்து கிலோமீட்டர் ஓடப்போறாளே, வேர்வையில ஊறி, கீறல் விழுந்து கெட்டுப்போயிடுமேன்னு, அதை எடுத்துட்டுக் கார்க் கதவுக்கு ஒட்டுற கெட்டி பிலிம் போட்டேன்."

"காலையில கேட்டப்ப ஒண்ணுமே மாத்தலைன்னீங்க."

"பிலிம்தானேம்மா மாத்தினேன். வாட்சையா மாத்தினேன்?"

மருமகள் இடுப்பில் கை வைத்தாள். மாஸ்டர் குரல் இறங்கிற்று.

"அவ எதையும் புதுசா வெச்சுக்கிட்டதே இல்லைம்மா. எது வாங்கினாலும் மத்தவங்களுக்குக் குடுத்துட்டுப் பழசைத்தான் எடுத்துக்குவா. இது ஒண்ணைத்தான் கையில கட்டிக்கிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. அது புதுசாவே இருக்கட்டும்னு நினைச்சேன். அவ ஓட்டத்துக்கே அது உலை வைக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?" நூலைக் கையில் சுற்றிக்கொண்டே, "அவகிட்டச் சொல்லிடாதே" என்றார்.

"என்கிட்ட என்ன சொல்லக்கூடாது?"

வாசல் திரையை விலக்கிக்கொண்டு எக்ஸ்பிரஸ் நின்றாள். அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் உறை உண்டு. சுவருக்கு மட்டும் கிடையாது.

விஷயம் வெளியே வந்தது. மாமியார் இடிபோல் வெடிப்பாள் என்று மருமகள் எதிர்பார்த்தாள். அவளோ முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"ஏங்க, என்னைக்காவது என்னையும் பிளாஸ்டிக்ல சுத்தி ஷோகேஸ்ல வெச்சிடப் போறீங்களா?"

"அளவெடுக்க நீ எங்க நிக்கிற? ஓடிக்கிட்டே இருக்கியே" என்றார் மாஸ்டர்.

அவரே பிலிமை உரித்தார். மெல்லச் சூடு காட்டி, ஓரத்தைத் தூக்கி, ஒரே இழுப்பில். ஒரு பிசிறுகூட மிஞ்சவில்லை. மருமகள் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, மாமியார் கையில் கட்டினாள். மறுபடியும் தெரு, மறுபடியும் சைக்கிள், டீச்சர் செடிக்கு மறுபடியும் தண்ணீர். சலவைக்கடை முக்கில் நிறுத்தி எண்ணினாள். விரல் சொன்னது நூற்று இருபத்தெட்டு. வாட்ச் சொன்னது நூற்று இருபத்தேழு.

"அந்த ஒண்ணு எங்க போச்சு?" என்றாள் எக்ஸ்பிரஸ்.

"அது எனக்குக் கமிஷன்."

வெயில் சாயும் நேரத்தில் மகனுக்குப் போன் போட்டார்கள். அவன் போனில் வந்த கோடுகளைப் பெரிசாக்கிப் பார்த்தான், சிறிசாக்கிப் பார்த்தான். இன்சூரன்ஸ் ஆள் அல்லவா, குறை கண்டுபிடிக்காமல் கையெழுத்துப் போட மனம் வருமா? ஒன்றும் கிடைக்கவில்லை.

"டெஸ்ட் எல்லாம் முடிஞ்சுதா? இனிமே வர்ற நம்பர் நிஜம்னு எடுத்துக்கலாமா?"

"நிஜம்தான்" என்றாள் மருமகள்.

"சரிம்மா, ஓடு" என்றான். சொல்லிவிட்டு, "மெதுவா ஓடு" என்றான். அதையும் சொல்லிவிட்டு, "ஜெயிச்சுட்டு வா" என்றான். மூன்றுக்கும் சேர்த்து அம்மா ஒரே தலையாட்டலில் பதில் சொன்னாள்.

போனை எடுத்துக்கொண்டு மாமியார் சமையலறைக்குப் போனாள். வெங்காயம் உரிக்க உட்காரும் முன் வாட்சைக் கழற்றி நீட்டினாள். "சார்ஜ்ல போட்டு வைம்மா. நாளைக்குப் பாதியில செத்துப்போயிடப் போகுது."

சார்ஜர் இருப்பது கடை மேஜையில். வாட்சோடு அங்கே போன மருமகளுக்குத் தன் தொழிலின் கடைசிப் பிடிவாதம் ஞாபகம் வந்தது. பழுது பார்த்த லிப்ட்டை ஒரே ஆளை ஏற்றிப் பார்த்துவிட்டு ஒப்படைக்கக் கூடாது. வேறு வேறு கனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். தன் கையில் கட்டிப் பார்த்தாள். "எழுபது, எழுபத்தொன்று, எழுபது. சமர்த்து!" என்று வாய்விட்டே சொன்னாள்.

"மாமா, கையை நீட்டுங்க."

"எனக்கு எதுக்கும்மா?"

"அதுக்குப் பாவம் செஞ்சீங்க இல்ல? பரிகாரம்."

சிரித்துக்கொண்டே இடது கையை நீட்டினார். முழுக்கைப் பித்தானை அவிழ்த்து மேலே ஏற்றி வாட்சைக் கட்டினாள்.

அறுபத்து நான்கு. நூற்றுப் பதினெட்டு. எழுபத்தொன்று. நூற்று நாற்பது.

"மறுபடியும் கெட்டுப்போச்சா?" என்றார் மாஸ்டர்.

மருமகள் கழற்றித் துடைத்தாள். மேலே ஏற்றிக் கட்டினாள். வலது கையில் மாற்றினாள். எண் அதேபோல் தாவியது. அவர் ஓடவில்லை, கை ஆடவில்லை. வாட்ச் எண்ணுவதற்கு அங்கே காலடி ஏதும் இல்லை.

மெல்ல அவருடைய இன்னொரு மணிக்கட்டைப் பிடித்து, இரண்டு விரலை வைத்தாள்.

ஒன்று, இரண்டு. பிறகு ஒன்றுமே இல்லை. பிறகு படபடவென்று மூன்று, நான்கு. ஒரு இடைவெளி. ஒன்று. ஆடிக் குலுங்கி, இரண்டு மாடிக்கு நடுவே நின்று, தயங்கி ஏறும் லிப்ட்டின் கதவில் கை வைத்ததுபோல் இருந்தது அவளுக்கு.

வாட்சில் பழுது இல்லை.

நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அங்கே ஆச்சரியம் இல்லை.

"எத்தனை நாளா மாமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"கொஞ்ச நாளா. மிஷின்ல உட்காரும்போது நெஞ்சுல ஒரு படபடப்பு. தானா போயிடும்."

"தலை சுத்துதா?"

"எப்பவாவது."

"இப்ப?"

"இப்ப இல்லை."

"அத்தைக்குத் தெரியுமா?"

மாஸ்டர் சமையலறைப் பக்கம் பார்த்தார். "நாளைக்கு அவ ஓடட்டும்மா. எவ்வளவு ஆசையா அந்த அட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறா தெரியுமா? அப்புறமா சொல்லிக்கலாம்."

"அப்புறமா எல்லாம் கிடையாது. முக்கு டாக்டர் இந்நேரம் இருப்பார். செருப்பைப் போடுங்க."

"அவ கேட்டா?"

"கேட்டா சொல்லுவேன். இதுக்கும் உறை போடச் சொல்லாதீங்க மாமா."

அவர் வாய் திறப்பதற்குள் சமையலறையில் போன் அடித்தது.

"என்னடா? இப்பதானே வெச்சே?" என்றாள் எக்ஸ்பிரஸ். கத்தி பலகையில் தட்டுகிற சத்தம் நிற்கவில்லை. "எனக்கு என்ன, நல்லா இருக்கேன். உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிட்டு இருக்கேன்... நூத்தி நாப்பதா? யாருக்கு?... அது நிஜம்தான்டா, அதான் சரி பண்ணியாச்சே. ஆனா வாட்ச் என் கையில இல்லையே. உன் பொண்டாட்டி கையில..."

கத்தி நின்றது.

"அவளுக்கு எழுபதுன்னு இங்க கேட்டுச்சே" என்றாள் மெதுவாக. "இரு. போனை வைக்காதே."

வாசல் மணி அடித்தாலே ஓடி வருகிறவள் அவள். பால் பொங்கினாலும் ஓட்டம், குக்கர் கூவினாலும் ஓட்டம். அன்றைக்குச் சமையலறையிலிருந்து கடைக்கு அவள் நடந்து வந்தாள். ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்டது.

மாஸ்டர் சட்டென்று முழுக்கையைக் கீழே இழுத்து, வாட்சின் மேல் மூடி, பித்தானைப் போட்டுக்கொண்டார்.

வெள்ளைத் துணிக்கு உள்ளிருந்து பச்சை வெளிச்சம் மின்னிக்கொண்டே இருந்தது.